போலோ ஜிடி வாங்கப் போகிறீர்களா? முதலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: தஞ்சாவூரில் 2016 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன், பைபாஸில் ஏற்றி நன்றாக அழுத்திப் பார்த்தால் வண்டி எப்படி என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), டர்போ வண்டி. பாதி தேய்ந்துபோனதுகூட பைபாஸில் சீறிக்கொண்டுதான் போகும், அந்த இழுவையில் மனசு போய்விட்டால் அப்புறம் வேறு எதுவும் காதில் விழாது. இதில் பெரிய செலவு வைக்கக்கூடியது தானாகவே கியர் மாற்றும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். அதன் குறை மெதுவாக ஊர்ந்து போகும்போதுதான் வெளியே வரும், அதுவும் நன்றாகச் சூடேறிய பிறகு. அதனால் முக்கால் மணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள்.

“நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில விநாடிகளில் கடகடவென்று சத்தம் வந்தால் எஞ்சினுக்குள் தேய்மானம் இருக்கிறதோ என்று சந்தேகம்.

இப்போது கியர்பாக்ஸ். இதில் இரண்டு கிளட்ச், இரண்டுமே ஆயிலில் நனையாத உலர் வகை. ஒன்று 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும், மற்றது 2, 4, 6 கியர்களையும் ரிவர்ஸையும். ஊர்ந்து போகும்போதெல்லாம் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகும். கீழவாசல் பக்கம் கடைத்தெரு நெரிசலில் வண்டியை விடுங்கள், ஏசி ஓடட்டும், பாட்டு வேண்டாம். டி-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக நழுவி நகர வேண்டும், உதறக் கூடாது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதும் திரும்பி இறங்கும்போதும் கவனியுங்கள். இரண்டாவது கியரிலும் ரிவர்ஸிலும் உதறுகிறது, முதல் கியரில் இல்லை என்றால் அந்த இரண்டாவது கிளட்ச் மேல்தான் முதல் சந்தேகம். கியர் எழுத்து மீட்டரில் மின்னினாலோ, கியர் விழாமல் ஒரு கணம் நின்றாலோ கியர்பாக்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியான மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டைச் சோதிக்காமல் விலை பேசாதீர்கள்.

நம் பக்கம் மேடு பள்ளமே கிடையாது, ஏற்றத்துக்கு எங்கே போவது? ஆற்றங்கரைச் சாலைக்கு ஏறும் சரிவு போதும், இல்லையென்றால் ஒரு ரயில்வே மேம்பாலம். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள். நடுக்கமோ கருகல் வாடையோ இல்லாமல் ஏற வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகு வல்லம் தாண்டி செங்கிப்பட்டி பக்கம் நான்கு வழிச் சாலைக்குப் போங்கள். மேனுவல் மோடில் 4-வது கியர், 2000 ஆர்பிஎம், முழுசாக அழுத்துங்கள். இழுவை ஒரே சீராக ஏற வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ. புஸ்ஸென்று காற்றுச் சத்தத்தோடு பிக்கப் குறைந்தால் டர்போ ஹோஸில் கசிவு இருக்கலாம். பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு 80-லிருந்து பிரேக் போடுங்கள், ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். திரும்பி வந்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு அழுத்து. பின்னால் நிற்கும் நண்பர் நீலப் புகை பார்த்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அறுவடைக் காலமாக இருந்தால் வைக்கோல் பரப்பிய சாலையில் மட்டும் போகாதீர்கள், சூடான சைலன்சரில் சிக்கினால் தீப்பிடிக்கும்.

ரீமேப் செய்த வண்டியா, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி சக்தியைக் கூட்டியிருக்கிறார்களா என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். விற்பதற்கு முன் பழைய செட்டிங்குக்கு மாற்றிவிடுகிறவர்கள் உண்டு, ஆனால் கூடுதல் டார்க்கில் தேய்ந்த கிளட்ச் திரும்பி வராது.

சென்னைப் பதிவெண் என்றால் 2023 டிசம்பர் வெள்ளம் நினைவில் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ நிறையப் பேர் மறந்துவிடுவார்கள், சேற்றுக் கறை அங்கே இருக்கும். ஸ்டெப்னி கிடக்கும் குழியில் வண்டல், சீட் தண்டவாளத்தில் துரு, இரண்டும் பாருங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் ஓடிய வண்டியென்றால் அடிப்பகுதியை லிஃப்டில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும், உப்புக்காற்று அங்கேதான் வேலை செய்திருக்கும்.

கடைசியாக, காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர். எரர் கோடு எதுவும் இல்லை என்று காட்டுவதோடு விடாதீர்கள், ரெடினெஸ் மானிட்டர்கள் (வண்டி ஓடும்போது கம்ப்யூட்டர் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பலவும் முடியாமல் கிடந்தால் சமீபத்தில் கோடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.