மண்புழு படிப்புக்கும் வேலை இருக்கிறது, அம்மா

அம்மா, விலங்கியல் படிக்க நினைக்கும் உங்கள் மகளைப் பற்றி, போன வாரம் "மண்புழுவை வைத்துக்கொண்டு என்ன வேலைக்குப் போவாள்?" என்று கேட்டீர்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அது போதாது.

உங்கள் அண்ணன் பேசி வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் படிப்பு மேல் எனக்குக் குறை இல்லை. அவளுக்கு அதில் மனமில்லை, வட்டி கட்டப்போவதும் அண்ணன் இல்லை.

விலங்கியல் படித்தால் டீச்சர் வேலை, அரசுத் தேர்வு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் சொல்லாத வழி ஒன்று உண்டு: மண் நச்சியல், அதாவது மண்ணில் சேரும் நச்சு அங்கே வாழும் உயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்கும் துறை.

சன்ஸ்கிரீனிலும் பெயின்டிலும் துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள்) இருக்கின்றன. கழுவிவிட்டால் சாக்கடைக்குப் போய், கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது படியும் கசடில் தங்குகின்றன. அந்தக் கசடு உரமாகப் போனால் வயல் மண்ணில் சேர்கின்றன. மண்ணையே தின்று வாழும் மண்புழு என்ன ஆகும்? அதற்கென்றே ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த சோதனை இருக்கிறது. மணல், கயோலின் களிமண், பீட் (மக்கிய பாசி) கலந்து செயற்கை மண் செய்து, அதில் துகளைக் கலந்து, வளர்ந்த புழுக்களை 28 நாள் விடுவார்கள். அப்புறம் அவற்றை எடுத்துவிட்டு, இன்னும் 28 நாள் கழித்துக் குஞ்சுகளை எண்ணுவார்கள். பெரிய புழு சாகாமலே இருக்கும், அது இடும் கூட்டுமுட்டை (குஞ்சு பொரிக்கும் முட்டைக்கூடு) மட்டும் குறைந்துவிடும். துத்தநாக ஆக்சைடில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். கெடுப்பது துகளா, கரைந்து வந்த துத்தநாகமா? அதைப் பிரித்தறிய, துத்தநாக உப்பு கலந்த மண்ணிலும் கூடவே சோதிப்பார்கள். இதற்கு எடுக்கும் எய்சீனியா ஃபெட்டிடா, மண்புழு உரத் தொட்டியில் வளர்க்கிற புழுதான். உங்கள் மகள் கொல்லையில் மூன்று வருஷமாக வளர்க்கிறாளே, அந்த வேலை.

பூச்சிமருந்தைப் பதிவு செய்யவும் மண்புழு சோதனை அறிக்கை வேண்டும். ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று பெற்ற ஆய்வகங்கள் அதைச் செய்து தருகின்றன. சென்னைக்குப் பக்கத்தில் படப்பையிலேயே ஒரு நச்சியல் நிறுவனம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால், நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

ஒன்றை மறைக்க மாட்டேன். பி.எஸ்சி. மட்டும் போதாது, எம்.எஸ்சி. வேண்டும், மொத்தம் ஐந்து வருஷம். தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. ஆனால் கடன் இருக்காது. அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குச் செலவு மிகக் குறைவு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

சீட்டுக்கு முன்பணம் கட்டுவதை நிறுத்தச் சொல்லி அண்ணனுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தை அவள் கையாலேயே நிரப்பட்டும்.