ட்ரோல்களின் மனசு: கேள்வி பதில்

சார், தாழ்வு மனப்பான்மை உள்ளவங்கதானே ட்ரோல் பண்றாங்க, அதாவது நெட்ல அடுத்தவங்களை வேணும்னே சீண்டி எழுதறாங்க?

அப்படி நினைத்தால் நமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் கனடாவில் எரின் பக்கெல்ஸும் டெல்ராய் பால்ஹஸும் சகா ஒருவரோடு 2014-ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. ட்ரோலிங்கோடு மிக நெருக்கமாக ஒட்டி வந்த குணம் சாடிசம், அதாவது அடுத்தவர் துடிப்பதை ரசிப்பது. கருத்துப் பகுதியில் தனக்கு மிகவும் பிடித்த வேலையே ட்ரோலிங்தான் என்று 5.6 சதவீதம் பேர் கூச்சமில்லாமல் சொன்னார்கள். தற்பெருமைக் குணத்துக்கும் ட்ரோலிங் ரசனைக்கும் தொடர்பு தென்படவில்லை.

அவங்களுக்கு இரக்கமே கிடையாதா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இரக்கத்தில் இரண்டு பங்கு உண்டு: எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்று புரிந்துகொள்வது ஒன்று, அந்த வலி நமக்கும் உறைப்பது இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் நடாலி செஸ்ட்டும் ஈவிதா மார்ச்சும் 2017-ல் பார்த்தபோது, ட்ரோல்களிடம் இரண்டாவதுதான் குறைவாக இருந்தது. உங்கள் நிறத்தையோ குழந்தையையோ குறிபார்த்து அடிப்பது தெரியாமல் நடப்பதில்லை. "உங்க பேச்சு என்னைக் காயப்படுத்துது" என்று எழுதினால், குறி தப்பவில்லை என்று நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி.

என் மச்சான் நேர்ல பரம சாது. கிரிக்கெட் மேட்ச் தோத்தா ஃபோன்ல ஆளே வேற. அவனும் சாடிஸ்டா?

அவசரப்படாதீர்கள்! ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017-ல் சிலருக்குக் கடினமான தேர்வு வைத்து எரிச்சலூட்டினார்கள். பிறகு, ஏற்கெனவே வசவு நிறைந்த உரையாடலில் எழுதச் சொன்னார்கள். அவர்கள் எழுதியதில் 68 சதவீதம் ட்ரோல் ரகம். நல்ல மனநிலையில் நல்ல உரையாடலுக்கு வந்தவர்களிடம்கூட அது 35 சதவீதம். மேட்ச் முடிந்து ஒரு மணி நேரம் மச்சானின் ஃபோனை வாங்கி வையுங்கள்.

சோஷியல் மீடியா கணக்கோட ஆதாரை இணைச்சா அடங்கிடுவாங்களா?

சந்தேகம்தான். தென்கொரியா 2007-ல் பெரிய தளங்களில் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. 2012-ல் அரசியல் சாசன நீதிமன்றமே அதை ரத்து செய்துவிட்டது. கண்ணோடு கண் பார்க்காமல் பேசுவதுதான், பெயரை மறைப்பதைவிட, மனிதரை முரடாக்குகிறது என்று ஓர் இஸ்ரேலிய ஆய்வு காட்டியது.

அப்போ என்னதான் பண்றது?

பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள். மிரட்டல் வந்தால் மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். பிளாக் செய்வதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.