கேள்வி-பதில்: டெவலப்பரில் எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம்?

எச்பி5 பிளஸ் கருப்பு-வெள்ளை பிலிம் ரோலை, ஐடி-11 டெவலப்பரின் (பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) தண்ணீர் சேர்க்காத மூலக்கரைசலில் ஏழரை நிமிடம் கழுவுகிறேன். குழாய்த் தண்ணீரே 31 டிகிரி. நெகட்டிவ் கரியாக வருகிறது. டெவலப்பரை மாற்றலாமா? – மதுரை வாசகர்

டெவலப்பர் மீது குற்றமில்லை. அந்த ஏழரை நிமிடம் 20 டிகிரிக்கு உரியது. சூடு கூடினால் டெவலப்பரின் வேகமும் கூடும்; அதனால்தான் கரி. 31 டிகிரிக்கு ஏற்ப நேரத்தைக் குறைத்துக்கொண்டே போனால் அது ஐந்து நிமிடத்துக்கும் வெகு கீழே இறங்கிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் கரைசல் பிலிம் முழுவதும் சீராக வேலை செய்யாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து 1+1 ஆக்குங்கள். அப்போது 20 டிகிரிக்கு 13 நிமிடம், 24 டிகிரிக்குச் சுமார் 9 நிமிடம் கிடைக்கும். ஐஸ் கட்டியை வெளியே பேசினில் போட்டு, அதில் பாட்டிலை நிறுத்தி 24-க்குக் கொண்டுவருவது சென்னை, மதுரை வெயிலிலும் முடிகிற காரியம்தான். ஒருமுறை பயன்படுத்திய 1+1 கரைசலைக் கொட்டிவிடுங்கள்.

1+9 என்றால் மொத்தம் ஒன்பது பங்கா, பத்தா? – ஈரோடு

பத்து. 500 மில்லிக்கு 50 மில்லி டெவலப்பர், 450 மில்லி தண்ணீர்.

செலவைக் குறைக்க ரோடினல் என்ற திரவ டெவலப்பரை 1+100 ஆகக் கரைத்து, பிலிம் கழுவும் 300 மில்லி டேங்கில் ஒரு மணி நேரம் வைத்தேன். படம் வெளிறிவிட்டது. – திருச்சி

மூன்றே மில்லி டெவலப்பரை வைத்துக்கொண்டு 36 படங்களைக் கழுவப் பார்த்திருக்கிறீர்கள். பிலிமைக் கழுவுவது மருந்துதான், தண்ணீரும் கடிகாரமும் அல்ல. ரோடினலில் பழகியவர்கள் ஒரு ரோலுக்கு ஐந்து மில்லிக்குக் கீழே போவதில்லை. டேங்க் சிறியதென்றால் 1+50 போதும். டி-76 என்ற டெவலப்பரை 1+1 ஆகக் கரைத்து 237 மில்லியில் ஒரு முழு ரோலைக் கழுவினால் நேரத்தைப் பத்து சதவீதம் கூட்டச் சொல்லிக் கோடாக்கின் குறிப்பிலேயே இருக்கிறது. அதைப் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

மிச்சம் பிடிக்கப் போய் நானும் ஏமாந்தவன்தான். அஸ்கார்பேட் (வைட்டமின் சி) வகை டெவலப்பரை ஐந்து லிட்டராக வாங்கினால் மலிவு என்று வாங்கிக் கரைத்து வைத்தேன்; எட்டு மாதம் கழித்தும் அது தண்ணீர் போலத் தெளிவாக இருந்ததை நம்பி, தங்கை கல்யாண ரோலைப் போட்டேன். பிலிம் கண்ணாடியாக வந்தது. பிலிம் கம்பெனியே ஓரத்தில் பதித்து அனுப்பும் எண்கள்கூட இல்லை. படம் இல்லாமல் எண்கள் மட்டும் இருந்தால் தவறு கேமராவில். எண்களும் இல்லையென்றால் டெவலப்பர் செத்துவிட்டது. இப்போதெல்லாம் ரோலின் முனைத் துண்டு ஒன்றை வெளிச்சத்திலேயே கரைசலில் போட்டு, அது கறுத்த பிறகுதான் டேங்கைத் தொடுகிறேன்.

ஐந்து லிட்டர் பொட்டலத்தில் ஒரு லிட்டர் அளவுக்கு மட்டும் பொடியை எடுக்கலாமா? – சேலம்

கூடாது. காரணம் அடுத்த பதிலில்.

இணையத்தில் 'டி-76, ஒரு லிட்டருக்கு' என்று வாங்கினேன். பெயரோ தேதியோ இல்லாத ஜிப் பையில் வெள்ளைப் பொடி வந்தது. இரண்டு ரோல் பாழ். பணம் தர மறுக்கிறார்கள். – கோவை வாசகி

உங்கள் மீது ஒரு தவறும் இல்லை. மெட்டால், ஹைட்ரோகுயினோன், சோடியம் சல்ஃபைட், போராக்ஸ் ஆகியவை கலந்த அந்தப் பொடி, மூட்டை குலுங்கும்போது மேலும் கீழுமாகப் பிரிந்துகொள்ளும். மேலிருந்து ஒரு கரண்டி அள்ளிக்கொண்டவருக்கும் அடியிலிருந்து அள்ளிக்கொண்டவருக்கும் கிடைப்பது ஒரே டெவலப்பர் அல்ல. சேலத்து வாசகரும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். இப்படி அள்ளிக் கட்டி விற்பவர்களைப் பற்றிப் பல வருடங்களாக எனக்கு எரிச்சல் உண்டு. பையில் அடைத்தவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகிய எல்லாவற்றையும் அச்சிட வேண்டுமென்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. உங்கள் பையில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. பையையும் மீதிப் பொடியையும் பாழான நெகட்டிவையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போதுமா? – தஞ்சாவூர்

போதாது. அது 35 டிகிரியில்தான் தொடங்குகிறது.