சரிபார்ப்புக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: ராஜராஜ சோழன் காலத்தில் நடக்கும் நாவல் எழுதி முடித்துவிட்டேன். படித்த நண்பர்கள், 'தகவல் நிறைய இருக்கிறது, கதை மனதில் ஒட்டவில்லை' என்கிறார்கள். ஒருவர் வரலாற்றுப் பிழை திருத்தித் தருவதாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் நண்பர்கள் சொல்வது பிழையைப் பற்றி அல்ல. மிளகாயும் உருளைக்கிழங்கும் போர்த்துகீசியர் வந்த பிறகுதான் இங்கே வந்தன. ராஜராஜன் காலத்துச் சமையலில் அவை வந்தால் பிழை. இந்த மாதிரிப் பிழைகளை நீங்களே களைந்துவிடலாம். வாசகருக்கு நிறைவு தருவது வேறு: அந்தக் காலத்து ஏற்பாடு ஒரு மனுஷியை எப்படிக் கட்டிப்போட்டது, அதற்குள் அவள் எதற்கு ஆசைப்பட்டாள் என்பது தெரிய வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் பணி செய்த ஆடல் பெண்களை) ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றினான். பெயர், வந்த கோயில், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் எல்லாம் இருக்கிறது. அவர்களில் ஒருத்திக்கு வர விருப்பமா, ஊரில் யாரை விட்டுவிட்டு வந்தாள்? அது இல்லை. உங்கள் கதை தொடங்க வேண்டிய இடம் அதுதான். அரண்மனை வர்ணனையில் பாதியை வெட்டிவிடுங்கள்.

சான்று பேசாத இடத்தில் தாராளமாகக் கற்பனை செய்யலாம். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் மட்டும் கவனம் தேவை. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் எனத் துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. உறவினர் சொத்துவரை பறிபோனதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. ஆகவே காரணத்தை நீங்கள் உருவாக்கலாம், பெயர்களை மாற்றக்கூடாது. அவர்களைத் தூண்டிவிட்டவர் ஒருவர் இருந்தார் என்றுகூட எழுதலாம். ஆனால் அதைக் கல்வெட்டே சொல்வதாக முன்னுரையில் போடக்கூடாது.

அப்புறம் அந்தத் திருத்துகிறவர். இப்படி வருகிறவர்களில் பலர், யாரும் பார்க்காத செப்பேடு கையில் இருக்கிறது என்பார்கள். தங்கள் சாதிப் பெருமைக்கு ஓர் அத்தியாயம் சேர்க்கச் சொல்வார்கள். அது அச்சான எந்தத் தொகுதியில், எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். தஞ்சைக் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியே இருக்கின்றன. ஆனால் படியெடுத்த கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் இன்னும் அச்சேறாமல் கிடக்கின்றன. அந்த இருட்டில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அவை அச்சாக இன்னும் எத்தனை தலைமுறை காத்திருப்பது?

செலவு செய்வதென்றால், கதையை வெட்டத் தெரிந்த எடிட்டருக்குச் செய்யுங்கள். அவருக்கும் முழுத் தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்; முதல் மூன்று அத்தியாயத்தைத் திருத்தி வாங்கிப் பார்த்த பிறகு பேசுங்கள்.