இரண்டு ராம் ஸ்டிக்கோடு ஒழுங்காக ஓடிய கணினி, அதே மாடலில் இன்னும் இரண்டு சேர்த்ததும் ப்ளூ ஸ்க்ரீன் அடிக்கிறது. கடையில் வோல்ட்டேஜை ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றலாமா?

இப்போதைக்கு ஏற்றாதீர்கள்.

கேள்வியில் நீங்கள் தந்திருக்கும் விவரம் இது: ரைசன் 5 3600, பி450 போர்டு, டிடிஆர்4 3600 சிஎல்18 ராம் (3600 என்பது வேகம், சிஎல் என்பது கேட்ட தரவு வரக் காத்திருக்கும் சுற்றுகள்), 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. ஒன்றரை வருடம் கழித்து அதே மாடல் எண்ணில் இன்னொரு ஜோடி. எக்ஸ்எம்பி (ஸ்டிக்கிலேயே எழுதியிருக்கும் அதிவேக அமைப்பு) போட்டால் சில நாள் ஒழுங்காக ஓடுகிறது, சில நாள் பத்து நிமிடத்தில் விழுகிறது. கடையில் முதலில் ஃபார்மேட் செய்தார்கள், தீரவில்லை. அடுத்து வோல்ட்டேஜ் என்றார்கள்.

ஃபார்மேட் செய்ததுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டிஸ்க்கில் எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் ராம் வழியாகத்தான் போகிறது. ராமில் ஒரு பிட் புரண்டால் அந்தப் பிழையும் அப்படியே எழுதப்பட்டுவிடும். சந்தேகத்தில் இருக்கும் மெமரியை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டால், போடும்போதே கெட்டுப்போன விண்டோஸ் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே இதைப் படித்ததும் பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிடுங்கள். சோதனை முடியும்வரை புகைப்படங்களை இடம் மாற்றுவது, பெரிய அப்டேட், பேக்கப்பின் மேல் பேக்கப் எதுவும் வேண்டாம்.

எக்ஸ்எம்பி அணைந்ததும் ராம் தன் அடிப்படை வேகத்துக்கு இறங்கும். ஸ்டிக்கைப் பொறுத்து 2133, 2400 அல்லது 2666, வோல்ட்டேஜ் 1.2. இந்த நிலையில் மெம்டெஸ்ட்86+ஐ ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து நான்கு சுற்று ஓட விடுங்கள். 32 ஜிபி என்பதால் இரவு முழுக்க ஆகும். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கை நம்ப வேண்டாம். அது சுத்தமாகச் செத்த சிப்பைத்தான் பிடிக்கும், தடுமாறும் சிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அடிப்படை வேகத்திலேயே ஒரு பிழை வந்தாலும் டைமிங் (ராமின் ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கும் காத்திருப்பு எண்கள்), வோல்ட்டேஜ் பேச்சுக்கே இடமில்லை. ஸ்டிக், ஸ்லாட், பிராசசர் மூன்றில் ஒன்று பழுது. பிழை எப்போதும் ஒரே முகவரியில் வந்தால் சிப்பில் செல் போயிருக்கிறது என்று பொருள். எந்த ஸ்டிக் என்பதை மட்டும் முகவரியை வைத்துச் சொல்ல முடியாது, இரட்டைச் சேனலில் தரவு இரு பக்கமும் மாறி மாறிப் பிரிந்து போகும். ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக இருக்கும் ஸ்லாட்டில் போடுங்கள். போர்டில் ஏ2 என்று அச்சிட்டிருக்கும்.

கழற்றும்போது பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஸ்டிக்கின் அடியில் இருக்கும் தங்க நிறக் கால்களை மென்மையான அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். சர்வீஸ் கடைகளின் இந்தப் பழைய வைத்தியத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. கேலி செய்யட்டும். காலில் படிந்த அழுக்கும் சரியாக உட்காராத ஸ்டிக்கும் டைமிங் கோளாறு போலவே வேஷம் போடும்.

அடிப்படை வேகத்தில் பிழையே வரவில்லை என்றால், உங்கள் கதையின் நடுப்பகுதி இனித்தான். மாடல் எண் ஒன்று என்பதால் உள்ளே இருக்கும் சிப்பும் ஒன்று என்று நினைத்திருப்பீர்கள். ராம் விற்பவர்கள் வேகத்துக்கும் சிஎல் எண்ணுக்கும் மட்டுமே வாக்குக் கொடுக்கிறார்கள். அதே பெட்டி, அதே ஸ்டிக்கர், உள்ளே வேறு தொழிற்சாலைச் சிப் என்பது சர்வ சாதாரணம். பழைய 8 ஜிபி ஸ்டிக்கில் 8 கிகாபிட் சிப் எட்டு இருக்கும். புதியதில் 16 கிகாபிட் சிப் நான்கே இருக்கலாம். கூட்டினால் இரண்டும் 8 ஜிபிதான், ஆனால் நடத்தை ஒன்றல்ல.

எங்கே வேறுபடும் என்றால், டிஆர்எஃப்சி என்ற எண்ணில். டிராம் செல் என்பது கசியும் ஒரு குட்டி மின்தேக்கி. சராசரியாக 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை மெமரி கன்ட்ரோலர் ரெஃப்ரெஷ் கட்டளை அனுப்பி ஒரு பகுதிச் செல்களை நிரப்பச் சொல்கிறது. நிரப்பி முடிக்கும்வரை அந்தச் சிப்பைத் தொடக்கூடாது. அந்தக் காத்திருப்புதான் டிஆர்எஃப்சி. தரநிலைப்படி 8 கிகாபிட் சிப்புக்கு 350 நானோ விநாடி, 16 கிகாபிட்டுக்கு 550. 3600 ராமின் உண்மையான கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுற்று சுமார் 0.556 நானோ விநாடி. கணக்குப் போட்டால் முதல் வகைக்கு 630 சுற்று, இரண்டாம் வகைக்கு 990. நான்கு ஸ்டிக்குக்கும் சேர்த்து 630 என்று உட்கார்ந்துவிட்டால், புது ஜோடி வேலையை முடிப்பதற்குள் கன்ட்ரோலர் கதவைத் தட்டுகிறது. சில சிப் இதைத் தாங்கும், சில தாங்காது. சூடு ஏறினால் தாங்குவதும் தாங்காது. ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் விழுகிறது என்றீர்களே, அந்தத் தடுமாற்றத்துக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

சரிபார்க்க ஸ்டிக்கின் மேல் இருக்கும் உலோகத் தகட்டைப் பிய்க்காதீர்கள். பசையோடு சிப்பும் சேர்ந்து வந்துவிடும், வாரண்டியும் போகும். தைஃபூன் பர்னர் என்ற நிரல் ஸ்டிக்கின் உள்ளே எழுதியிருப்பதைப் படித்துச் சிப்பின் கொள்ளளவைச் சொல்லும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டைமிங் எல்லாவற்றையும் ஜென்டைமிங்ஸ் ஒரே சன்னலில் காட்டும். ஸ்டிக்கில் விளக்கு இருந்தால் அதற்கான நிரலை மூடிவிட்டுப் படியுங்கள். இரண்டும் ஒரே கம்பியில் பேசுவதால் ஒன்றை ஒன்று குழப்பும்.

அடுத்து, பழைய ஜோடியை மட்டும் ஏ2, பி2வில் போட்டு எக்ஸ்எம்பியோடு சோதியுங்கள். பிறகு புது ஜோடியை மட்டும். மெம்டெஸ்ட் போதாது, விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5ஐ அண்டா777 எக்ஸ்ட்ரீம் கோப்போடு மூன்று சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். இத்தனாவது சோதனையில் பிழை வந்தால் இந்த டைமிங் காரணம் என்று ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புது ஜோடி தனியாகவே எக்ஸ்எம்பியில் தோற்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட வைப்பது உங்கள் வேலை அல்ல.

இரண்டு ஜோடியும் தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் விழுகிறது என்றால் (உங்களுடையது இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்), குற்றவாளி ஸ்டிக் அல்ல. பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடிவிட்டது. உங்கள் தலைமுறை ரைசனுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டு ஸ்டிக்கில் 3200, ஒற்றை ரேங்க் (சேர்ந்து இயங்கும் ஒரு சிப் தொகுதி) ஸ்டிக் நான்கில் 2933, இரட்டை ரேங்க் நான்கில் 2667. 3600 என்பதே ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. எக்ஸ்எம்பி என்ற பெயரில் ஒரே பட்டனாக வருவதால் யாருக்கும் அது உறைப்பதில்லை.

இனி கையால் எண் போடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். முதலில் டிஆர்எஃப்சி 990. கியர் டவுன் மோட் (கட்டளைகளை நிதானமாக எடுத்துக்கொள்ளும் முறை) ஆன், கமாண்ட் ரேட் (கட்டளைக்குத் தரும் சுற்று) 1டி. கியர் டவுன் ஆனாக இருக்கையில் சிஎல் ஒற்றைப்படை எண்ணாகப் போட்டால் அதுவாகவே அடுத்த இரட்டைப்படைக்கு ஏறிவிடும். 17 போட்டாலும் ஓடுவது 18. மெமரி வோல்ட்டேஜ் 1.35. எஸ்ஓசி வோல்ட்டேஜை (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலருக்குப் போவது) ஆட்டோவில் விடாமல் 1.1 என்று பூட்டுங்கள். விடிடிஜி (பிராசசரின் உள் இணைப்புக்கான வோல்ட்டேஜ்) 0.95, விடிடிபி (மெமரி சிக்னல் பகுதிக்கானது) 0.9. விடிடிஜி எப்போதும் எஸ்ஓசியைவிடக் கீழே இருக்க வேண்டும்.

அப்படியும் பிழை வந்தால்தான் கடைக்காரர் சொன்ன வோல்ட்டேஜ். எந்த வோல்ட்டேஜ் என்று அவர் சொல்லவில்லை பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. கணினி ஆன் ஆகவே மாட்டேன் என்று மூன்று முறை அணைந்து எழுந்து அடிப்படை வேகத்துக்குத் திரும்பினால், அது பயிற்சியில் தோற்கிறது. ஒவ்வொரு பூட்டிலும் போர்டு சிக்னலை அளந்து பொருத்திக்கொள்வதைத்தான் ட்ரெய்னிங் என்கிறோம். இதற்கு மெமரி வோல்ட்டேஜ் அவ்வளவாக உதவாது. ப்ராக் ஓடிடியை (சிக்னல் எதிரொலிக்காமல் இருக்கப் பிராசசர் பக்கம் வைக்கும் மின்தடை) 40 ஓமிலிருந்து 53 வரை ஒவ்வொரு படியாக மாற்றிப் பார்ப்பதும், வேகத்தை ஒரு படி குறைப்பதும்தான் உதவும். பூட் ஆகி, சோதனை தொடங்கிய ஓரிரு நிமிடத்திலேயே பிழை கொட்டினால் சிஎல், டிஆர்சிடி (சிப்பில் ஒரு வரிசையைத் திறந்த பிறகு காத்திருக்கும் சுற்றுகள்) போன்ற முதன்மை எண்கள் சிப்புக்கு இறுக்கம். 1.35இலிருந்து 1.37, 1.39 என்று ஏற்றிப் பாருங்கள். 1.40க்கு மேல் இந்த வகை ஸ்டிக்கில் நான் போகச் சொல்ல மாட்டேன். சாம்சங் பி-டை சிப் 1.5இல் ஓடுகிறதே என்று யாராவது கருத்துப் பெட்டிக்கு வருவார்கள். ஓடும், அது வேறு சிப். வோல்ட்டேஜ் ஏற்றினாலும் டிஆர்சிடி இறங்காத சிப்கள்தான் கடையில் அதிகம்.

அரை மணி, முக்கால் மணி சுத்தமாக ஓடி அதற்குப் பிறகு பிழை வந்தால், சூட்டையும் டிஆர்எஃப்சியையும் சந்தேகியுங்கள். இந்த நிலையில் வோல்ட்டேஜை ஏற்றினால் சூடும் ஏறி நிலைமை மோசமாகும். நான்கு ஸ்டிக் நெருக்கமாக நிற்கும்போது நடுவில் இருப்பவற்றுக்குக் காற்றே கிடையாது. கேபினெட் பக்கக் கதவைக் கழற்றி ஒரு மேசை விசிறியை நேராக வைத்து அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பிழை காணாமல் போனால் விடை கிடைத்துவிட்டது. மார்கழியில் தேறிய எண்கள் சித்திரையில் தோற்கும் என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்டே பூட்டுங்கள்.

மெமரி சோதனை தேறுகிறது, ஆனால் பாட்டுக் கேட்கும்போது கரகரப்பு, திடீர் ரீஸ்டார்ட், ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் 19 அல்லது 18 (விண்டோஸ் பதியும் வன்பொருள் பிழை) என்று வந்தால் ராமை விட்டுவிட்டு எஃப்கிளாக்கைப் (பிராசசரின் உள் இணைப்பு ஓடும் வேகம்) பாருங்கள். ராமை 2666இல் வைத்து எஃப்கிளாக்கை மட்டும் 1800 போட்டு ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ஸ்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எஸ்ஓசியை 1.1க்கு மேல் தள்ளித் தள்ளித் தீர்க்கப் பார்க்காதீர்கள். எல்லை தாண்டினால் அதுவே நிலையின்மையைக் கூட்டும்.

இத்தனைக்கும் பிறகு 3600 நிற்கவில்லையா? 3200, டைமிங் 16-18-18-38, எஃப்கிளாக் 1600, டிஆர்எஃப்சி 880. 3600இல் சிஎல்18 என்றால் 10 நானோ விநாடி, 3200இல் சிஎல்16 என்றாலும் அதே 10தான். விளையாட்டில் சில ஃப்ரேம் குறையும். அதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை, அவர்கள் ஸ்கிரீன்ஷாட்டுக்காக ஓட்டுகிறார்கள்.

எண் தவறாகப் போட்டுத் திரையே வராவிட்டால் பயப்பட வேண்டாம். பவரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றிவிட்டுப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வரும்.

வேறு பிளாட்ஃபார்ம் வைத்திருப்பவர்கள் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டிடிஆர்5க்கு அடிப்படையே 1.1 வோல்ட். ரைசன் 7000இல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி சொல்வது வெறும் 3600. அங்கே எஸ்ஓசி 1.3ஐத் தாண்டக் கூடாது என்று 2023இல் பிராசசர்கள் கருகிய பிறகு பயாஸிலேயே பூட்டிவிட்டார்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருந்து, விளையாட்டில் வீடியோ மெமரி போதவில்லை என்று பிழை வருகிறதா? ராமை நோண்டுமுன் பயாஸை அப்டேட் செய்யுங்கள். அந்தப் பிராசசர்களே வோல்ட்டேஜால் தேய்ந்தன. பயாஸோடு வரும் மைக்ரோகோடுத் (பிராசசரின் உள் நிரல்) திருத்தம் 2024 ஆகஸ்டில்தான் வரத் தொடங்கியது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் ஒன்று. ராமுக்கு ஆயுள் வாரண்டி என்பார்கள், பில்லையோ வழவழத்தாளில் அடித்துக் கொடுப்பார்கள். ஒரு வருடத்தில் எழுத்து மறைந்து வெள்ளைத்தாள் மிஞ்சும். வாரண்டிக்குப் போனால் 'பில்லில் ஒன்றும் தெரியவில்லையே சார்' என்பார்கள். ஆயுள் யாருடையது, பில்லுடையதா? வாங்கிய அன்றே படம் எடுத்து, ஸ்டிக்கின் சீரியல் எண்ணையும் சேர்த்துப் படம் பிடித்து வையுங்கள்.

எண்கள் நிலைத்த பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் ஓட்டி விண்டோஸ் கோப்புகளைச் சரிபாருங்கள். அதில் சரிசெய்ய முடியாதவை என்று வந்தால் இப்போது ஃபார்மேட் செய்யலாம். புது ஜோடி போட்ட நாளுக்குப் பிறகு இடம் மாற்றிய ஜிப் கோப்புகளை 7-ஜிப்பில் டெஸ்ட் கொடுத்துப் பாருங்கள். சிஆர்சி பிழை (உள்ளடக்கம் கெட்டதன் அடையாளம்) வருவதைப் பழைய பிரதியிலிருந்து மீட்டெடுங்கள். பழைய பிரதி பென் டிரைவில் இருந்தால், எல்லாம் முடியும்வரை அதைக் கணினியில் செருகவே வேண்டாம்.