தலைப்பு செய்யும் வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சிறுகதை எழுதிப் பழகி வருகிறேன். அம்மா இறந்த பிறகு இரண்டு மகள்கள் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்டுப் பங்கு பிரிப்பதை ஒரு கதையாக எழுதியிருக்கிறேன். பட்டியலில் 41 பொருட்கள். எல்லாவற்றையும் பிரித்து முடித்த பிறகு, பட்டியலில் ஏறாத ஒரு சாவிக்கொத்து மிஞ்சுகிறது. அவை எந்தப் பூட்டுக்கான சாவிகள் என்று இருவருக்கும் தெரியாது. கதை அங்கே முடிகிறது. 'தாய்ப்பாசம்' என்று தலைப்பு வைத்தேன். படித்த நண்பர்கள் 'சாவிக்கொத்து' என்று மாற்றச் சொல்கிறார்கள். கதை சாவியைப் பற்றியது இல்லையே? தலைப்பு என்றால் கதையின் பொருளைச் சொல்ல வேண்டாமா? டிவி தொடர்களிலும் சில எபிசோட் தலைப்புகளுக்கும் கதைக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. அதற்கெல்லாம் காரணம் உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'தாய்ப்பாசம்' வேண்டாம். நண்பர்கள் சொன்ன 'சாவிக்கொத்து'ம் கதையின் இப்போதைய வடிவத்துக்குப் பொருந்தாது. இரண்டுக்கும் காரணங்கள் வேறு.

முதலில் உங்கள் அடிப்படைக் கேள்வி. பெயர் பொருளைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தமிழில் விதி இருந்ததில்லை. ஒரு நூலுக்கு எதனாலெல்லாம் பெயர் அமையும் என்று பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் வகுத்திருக்கிறார்: முதல்நூல், செய்தவன், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தவன், தன்மை. இவை எதுவுமின்றி இடுகுறியாகவும் பெயர் வரலாம் என்கிறார். ஏழில் ஒன்றுதான் பொருள். தொல்காப்பியம் செய்தவர் பெயரால் நிற்கிறது, நாலடியார் அடிக்கணக்கால் நிற்கிறது. நன்னூல் என்பதே தன்மையால் வந்த பெயர். இன்று கதை எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பட்டியல் பயன்படும் என்று உறுதியாகச் சொல்வேன். 'என் கதையின் பொருள் என்ன?' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பாசம், தியாகம், விடியல், உறவு என்று நாலைந்து சொற்களையே சுற்றி வருவோம். 'இதில் எது மிகுதியாக வருகிறது? எதற்கு அளவு இருக்கிறது?' என்று கேட்டுப் பாருங்கள். வேறு பெயர்கள் வரத் தொடங்கும்.

'தாய்ப்பாசம்' செய்யும் கெடுதல் இது: முதல் வரிக்கு வருமுன்பே வாசகரிடம் தீர்ப்பைக் கொடுத்துவிடுகிறது. பிறகு நீங்கள் எந்தப் பொருளைக் காட்டினாலும் 'அம்மாவின் அன்புக்கு இதுவும் ஒரு சாட்சி' என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் இருக்கும் பழைய கோபம், ஆசை, அலுப்பு எதுவும் அவர் கண்ணில் படாது. கதையில் உயிருள்ள பகுதி அதுதானே.

அடுத்து 'சாவிக்கொத்து'. ஒரு பொருளின் பெயரைத் தலைப்பாக வைப்பது மிகப் பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் அந்தப் பொருள் கதைக்குள் உழைத்திருக்க வேண்டும். சிலப்பதிகாரத்தின் பதிகம் 'சூழ்வினைச் சிலம்பு காரணமாக' என்று பெயர்க் காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தச் சிலம்பு எத்தனை இடங்களில் வேலை செய்கிறது பாருங்கள். கோவலன் பிரிந்திருக்கும் நாளில் கண்ணகியின் காலில் அது இல்லை. அவன் திரும்பி வரும்போது 'சிலம்புள கொண்ம்' என்கிறாள். மதுரையில் விற்கப் போனவனை அதுவே கள்வனாக்குகிறது. அரசவையில் உடைந்து, முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறித்து, வழக்கைத் தீர்க்கிறது. ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் அது வேறொன்றாகிவிடுகிறது.

உங்கள் சாவிக்கொத்தோ கடைசிப் பத்தியில் மட்டும் தலைகாட்டுகிறது. அதையே தலைப்பாக வைத்தால் வாசகர் முதல் பக்கத்திலிருந்தே சாவியைத் தேடுவார். வந்ததும் 'சரி, முடியப் போகிறது' என்று தெரிந்துகொள்வார். மிஞ்சியது என்ன என்ற திடுக்கிடல் போய்விடும். அந்தத் தலைப்புத்தான் வேண்டுமென்றால் கதையைத் திருத்துங்கள். பட்டியல் எழுதும் காகிதம் பறக்காமலிருக்க இளையவள் அந்தக் கொத்தை எடுத்து மேலே வைக்கட்டும். நடுவில் மூத்தவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த பக்கம் எழுதட்டும். இரண்டு இடமும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவது இடம் வந்தால் நீங்கள் கையைப் பிடித்து இழுப்பது வெளியே தெரிந்துவிடும்.

தலைப்பு ஒன்று சொல்ல, கதை அதற்கு எதிராகப் போவது இன்னொரு உறவு. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966) சீதையின் நெருப்பை நினைவூட்டுகிறது. கதையிலோ தாய் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். நெருப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீர் இருக்கிறது. அந்த நீரை நெருப்பென்று நினைத்துக்கொள் என்று தாயே சொல்கிறாள், அது எந்த நெருப்பு என்று நினைவூட்டுவது தலைப்பின் வேலை. புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கல்லான அகலிகை பெண்ணாவதில் தொடங்கி, சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டு அவள் மறுபடி கல்லாவதில் முடிகிறது. படித்துவிட்டுத் தலைப்பைத் திரும்பப் பாருங்கள், விமோசனம் யாருக்கு, எதிலிருந்து என்று கேட்கத் தோன்றும். இந்த வகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வாசகருக்கு அந்தப் பழைய கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவருக்கு அது வெறும் அலங்காரச் சொல். உங்கள் கதைக்கு இது ஒத்துவராது. 'பாகப்பிரிவினை' என்று வைத்தால் 1959இல் வந்த சிவாஜி படம்தான் நினைவுக்கு வரும், அந்த நினைவை எதிர்த்து நிற்க உங்கள் கதையில் எதுவும் இல்லை.

ஒரே தலைப்பு இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் பொருந்துவதும் உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை. வாடை என்பது குளிர்ந்த வடகாற்று. பிரிந்திருக்கும் தலைவிக்கு அது நீண்ட வாடை, பாசறையில் வினை முடிக்கும் அரசனுக்கு நல்ல வாடை என்பது உரைமரபு. 188 அடிப் பாட்டின் இரு பாதிகளையும் இரண்டு அடைமொழிகள் தாங்கி நிற்கின்றன.

முடிவைத் தலைப்பே சொல்லிவிட்டால் கதை கெட்டுவிடுமா என்றும் பலர் பயப்படுகிறார்கள். ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949) நாடகத்தில் அந்த விற்பனையாளன் சாகப் போகிறான் என்பது திரை விலகுமுன்பே தெரியும். அதனால் பார்வையாளர் 'என்ன ஆகும்' என்பதை விட்டுவிட்டு 'எப்படி இங்கே வந்து சேர்ந்தான்' என்று பார்க்கிறார். முடிவில் திருப்பத்தை நம்பியிருக்கும் கதைக்கு மட்டும்தான் இப்படிப்பட்ட பெயர் ஆகாது.

தொடர்களைக் கேட்டிருந்தீர்கள். அங்கே ஒரு எபிசோட் தலைப்பைத் தனியாகப் பார்த்தால் போதாது, சீசன் முழுவதையும் வரிசையாக அடுக்கிப் பார்க்க வேண்டும். 'பிரேக்கிங் பேட்' இரண்டாம் சீசனின் 13 எபிசோடுகளில் 1, 4, 10, 13 ஆகியவற்றின் தலைப்புகள் 'செவன் தர்ட்டி செவன்', 'டவுன்', 'ஓவர்', 'ஏபிக்யூ'. சேர்த்துப் படித்தால் ஆல்பகர்க்கி நகரின்மேல் 737 விமானம் விழுவதாக வரும், சீசனின் முடிவும் அதுவே. அதே நான்கு எபிசோடுகளும் நிறமிழந்த நீச்சல் குளக் காட்சியோடு தொடங்குகின்றன. 'டவுன்', 'ஓவர்' என்பவை அந்தந்த எபிசோடின் நிலைமைக்கும் பொருந்துவதால் எளிதில் சந்தேகம் வராது. 'தி குட் வைஃப்' முதல் சீசனில் ஒரு சொல், இரண்டாவதில் இரண்டு, நான்காவதில் நான்கு என்று ஏறி, பிறகு ஏழாவதில் ஒரு சொல்லுக்கே இறங்கி வந்தது. இது வடிவ அழகு மட்டுமே, பொருளைத் தேட வேண்டாம். 'சைன்ஃபெல்ட்' தொடரில், தலைப்புக்கு மூளையைச் செலவிடாமல் வசனத்துக்குச் செலவிட வேண்டும் என்பதற்காகவே 'தி' போட்டு ஒரு பொருளின் பெயரை வைத்தார்கள்.

இனி உங்கள் கதை. எழுதும்போது தற்காலிகப் பெயர் ஒன்று இருந்தால் போதும். 'போரும் அமைதியும்' நாவலின் தொடக்கப் பகுதி 1865இல் பத்திரிகையில் வந்தபோது அதன் பெயர் '1805' என்ற வருடம்தான். கதை முடிந்ததும் அதில் வரும் பெயர்ச்சொற்கள், எண்கள், பேச்சில் விழுந்த துண்டுகள் ஆகியவற்றிலிருந்து பதினைந்தைத் தனித் தாளில் எழுதுங்கள். உணர்ச்சியின் பெயர்களை அடியுங்கள். கடைசிப் பத்தியில் மட்டும் வருவனவற்றையும் அடியுங்கள். மிஞ்சியவற்றைக் கதை படிக்காத ஒருவரிடம் காட்டி என்ன எதிர்பார்க்கிறார் என்று கேளுங்கள். கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அந்தத் தலைப்பு வேலை செய்யவில்லை.

என் தேர்வு 'நாற்பத்தொன்று'. பவணந்தியார் சொன்ன அளவு. படிக்குமுன் வெறும் எண், படித்த பிறகு ஒன்று குறைகிற எண். இதற்குச் சிறு திருத்தம் போதும். எண்ணைக் கதைக்குள் ஒரே முறை, பட்டியலின் அடியில் இருவரும் கையெழுத்துப் போடும் இடத்தில் சொல்லுங்கள். கடைசிப் பத்தியில் 'நாற்பத்திரண்டாவது' என்று எக்காரணம் கொண்டும் எழுதிவிடாதீர்கள். வாசகர் தானே எண்ணிக்கொள்வார்.

அன்புடன்