எனக்குரிய வேலை எது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வின் முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் தெலுக் இந்தானில் ஒரு துணிக்கடையில் நின்றேன். கால் வலித்ததுதான் நினைவிருக்கிறது. பிறகு கல்லூரி தொடங்கும்வரை, எங்கள் தோட்டத்துக்கு அருகிலுள்ள செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் தற்காலிக வேலை பார்த்தேன். லோரியை ஏற்றிய எடை, இறக்கிய எடை என்று இருமுறை நிறுத்துச் சீட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் ஒரே தோட்டத்துக் குலைகள் வறண்ட வாரத்தில் ஒரு மாதிரியும் மழை வாரத்தில் வேறு மாதிரியும் வருவது ஏன் என்று, தரம் பிரிக்கும் அண்ணனை நச்சரித்துக்கொண்டே இருப்பேன். பழுக்காத காய்க்குலையை அறுத்தால் கூலியில் பிடிப்பார்கள் என்று அப்பா சொல்லித் தெரியும். அதனால் ஆலைக்கு என்ன நட்டம் என்பது அங்கேதான் புரிந்தது.

இப்போது பொலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா, மூன்றாம் பருவம். மாமா சொன்னதால் எடுத்த படிப்பு. மதிப்பெண் மோசமில்லை. ஆனால் உடன் படிப்பவர்கள் ஆடிட்டர் ஆவேன், வங்கிக்குப் போவேன் என்று சொல்லும்போது என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு எதிலுமே ஆர்வம் இல்லையோ என்று பயமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டு வேறு துறைக்கு மாறலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கணக்கியல் படிப்பைப் பற்றிச் சில வரிகளும் துணிக்கடையைப் பற்றி ஒரு வரியும் இருந்தன. எடைமேடையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எதிலும் ஆர்வமில்லாத ஒருவர், யாரும் கேட்காமலே, மழை வாரத்துக் குலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதமாட்டார்.

ஆர்வம் ஒரு பதவியின் பெயரோடுதான் வந்து சேரும் என்று நமக்குச் சிறு வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் ‘எனது இலட்சியம்’ என்று கட்டுரை எழுதாதவர் நம்மில் யார்? மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். செம்பனைக் குலை ஏன் மழையில் கெடுகிறது என்று தெரிந்துகொள்வதே என் இலட்சியம் என்று எழுதியிருந்தால் உங்கள் ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பார். உங்கள் தோழியரிடம் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள அன்றாட வேலை அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு ஐயம் உண்டு. உங்களிடம் பெயர் இல்லை, ஆனால் ஒரு வேலையின் உள்விவரம் இருக்கிறது. இரண்டில் எது கிடைப்பதற்கு அரிது என்று கேட்டால், பின்னதையே சொல்வேன்.

உங்கள் மாமாவை நான் குறை சொல்லமாட்டேன். தோட்டத்தில் வெயில் படாத வேலை என்றால் அது கிராணி (எழுத்தர்) வேலைதான் என்று மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. ரப்பர் பால்வெட்டுக்கு இருட்டோடு எழுந்து போன குடும்பங்களில், ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் வெள்ளைச்சட்டைக்காரரின் இடத்துக்குத் தம் பிள்ளை போகவேண்டும் என்ற ஆசை இருந்ததில் வியப்பில்லை. கணக்கியல் டிப்ளோமா அந்த ஆசையின் இன்றைய வடிவம். ஆனால் அவர் உங்களுக்குத் தேர்ந்து தந்தது ஒரு நாற்காலியை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைக் கணக்கிடுவது என்பதை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தொடக்க கால வேலைகள் தரும் சம்பளம் சொற்பம். அவை தரும் தகவல்தான் பெரிது. அந்தத் தகவல், வேலை பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற கேள்வியில் கிடைக்காது, ஏனென்றால் பதினெட்டு வயதில் நல்ல மேலாளர் அமைந்தால் எந்த வேலையும் பிடிக்கும், கடுகடுப்பானவர் அமைந்தால் எதுவும் பிடிக்காது. உங்களுக்கு இட்ட வேலைக்கு வெளியே உங்கள் கவனம் தானாக எங்கே போயிற்று என்று பாருங்கள். எஸ்.பி.எம். முடித்து நான் ஓர் அச்சகத்தில் இருந்தேன். தாள் அடுக்குவதும் கட்டுவதும் என் வேலை, ஆனால் வருகிறவர்கள் கொண்டுவரும் நினைவஞ்சலி வாசகங்களை முதலாளிக்குத் தெரியாமல் திருத்திக்கொண்டிருந்தேன். அச்சுத் தொழிலில் எனக்கு நாட்டமில்லை என்பதும் எதில் நாட்டம் என்பதும் ஒரே இடத்தில் தெரிந்தன. உங்களுக்குச் சீட்டுப் போடுவது வேலை. நீங்களோ குலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படிப்பை விடவேண்டாம். பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் எடுத்திருந்தால், நடுவில் விட்டாலும் அதைத் திருப்பிக் கட்டியாக வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் கணக்கியலையும் ஆலையையும் இரண்டு உலகங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது. பழம் நசுங்கினால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது, தனிக்கொழுப்பு அமிலம் ஏறுகிறது. அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெய்க்கு விலை குறையும் அல்லது வாங்குபவர் மறுப்பார். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் நீராவியில் வேகவைக்க ஆலைகள் பரபரப்பது இதனால்தான். மழை வாரத்தில் சேற்றில் சிக்கிய லோரி ஏன் ஆலைக்குப் பணப் பிரச்சினை என்பதற்கான விடை இது. அடுத்து, 100 டன் குலை உள்ளே போனால் ஏறக்குறைய 20 டன் எண்ணெய் வெளியே வரவேண்டும். வராத எண்ணெய் எங்கே போயிற்று என்பதற்கு ஆலை கணக்குக் காட்டவேண்டும்: வெறுங்குலையில் ஒட்டியது எவ்வளவு, பிழிந்த நாரில் தங்கியது எவ்வளவு, கழிவுநீரோடு போனது எவ்வளவு, காய்க்குலையில் ஊறாமலே போனது எவ்வளவு. உங்கள் செலவுக் கணக்கியல் பாடத்தில் வழக்கமான இழப்பு, அசாதாரண இழப்பு என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதை எடுத்து, எண்களின் இடத்தில் அந்த ஆலையை வைத்துப் படித்துப் பாருங்கள். அப்போதும் கொட்டாவி வந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள், துறை மாறுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

எடைச்சீட்டின் மதிப்பும் இன்று கூடியிருக்கிறது. எம்.எஸ்.பி.ஓ. என்னும் மலேசியச் செம்பனை எண்ணெய் நிலைத்தன்மைச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. காடழிப்புக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு லோரிப் பழமும் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று தடம் காட்டவேண்டிய நிலை இதனால் உருவாகியிருக்கிறது. அந்தத் தடத்தின் முக்கியமான கண்ணி நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு. ஆவணத்தையும் குலையையும் ஒருசேர அறிந்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. தோட்ட நிர்வாகப் பக்கம் மனம் போனால், 1919 முதல் இயங்கிவரும் ஐ.எஸ்.பி. என்னும் பெருந்தோட்டக்காரர் கழகத்தின் தொழில்முறைத் தேர்வுகளை வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் குலைத் தரம் பிரிப்புக்குப் பயிற்சி நடத்துகிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில மாத வேலை இனிப்பாகத்தான் இருக்கும், அது முடியப்போகிறது என்று தெரிந்தே செய்வதால். விளைச்சல் உச்சத்தில் இரவு ஷிப்ட், ஓயாத இரைச்சல், கழிவுக்குளத்தின் நாற்றம், இன்னொரு மாநிலத்துக்கு மாற்றல் ஆகியவற்றை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. ஆலைத் தளத்தில் பெண்கள் குறைவு என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கூடவே, உங்களைக் கவர்ந்தது குலையா, அல்லது கேட்ட கேள்விக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன அந்த அண்ணனின் பொறுமையா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நல்ல ஆசிரியரைப் பாடமாக எண்ணிக்கொள்வது எளிது.

சோதிக்க இடம் உங்கள் டிப்ளோமாவுக்குள்ளேயே இருக்கிறது. தொழில்துறைப் பயிற்சிப் பருவத்துக்கு உங்கள் வகுப்பில் பெரும்பாலோர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ தணிக்கை நிறுவனம் தேடுவார்கள். நீங்கள் ஓர் ஆலையின் கணக்குப் பிரிவைத் தேடுங்கள், முடிந்தால் முன்பு வேலை பார்த்த ஆலை அல்லாத ஒன்றை, அங்கே பழைய அன்பு உங்கள் கண்ணை மறைக்காது. விண்ணப்பக் கடிதத்தில் மதிப்பெண்ணை ஒரு வரியில் முடித்துவிட்டு, எனக்கு எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தை அரைப் பக்கமாகச் சுருக்கி, மலாயில் எழுதி, ஆலை மேலாளரின் பெயருக்கே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். குலை அறுப்பைப் பற்றிய பகுதியில் பிழை இருந்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அன்புடன்.